பெயர் யார் காதில் விழவேண்டும்: ஒரு தோட்டத்து ஆசிரியையின் முதுமாணி விண்ணப்பம்

2023 ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தபோது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஹட்டனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சி.ஆர். கொப்பி. அதன் நடுப்பக்கத்தில் கோடு போட்டு ஒரு அட்டவணை: பல்கலைக்கழகத்தின் பெயர், உலகத் தரவரிசை, கட்டணம், கடைசித் திகதி. லண்டனில் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று, நம் இலங்கையில் மூன்று. தரவரிசைக்கு நேரே நம் நாட்டு மூன்றுக்கும் ஒரு சிறுகோடுதான் இழுத்திருந்தார்.

"இதுல எதுக்குப் போனா மதிப்பு சேர்?"

அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தக் கேள்விக்கு என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வு. அவருடைய பெயரைத் தரமாட்டேன். தோட்டத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுகிற நான் ஆசிரியர் கல்வியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவன், பேராதனையில் படித்தவன். இந்தக் கதையில் என் பட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"எக்ஸ்டேர்னல்"

டீச்சர் பிறந்தது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஏ.எல். கலைப்பிரிவில் நல்ல சித்தி. ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறியது. நுவரெலியா மாவட்டத்துக்கான ஒதுக்கீடு இருந்தும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு உள்ளே போகாமல் வெளியே இருந்து படித்துப் பரீட்சை எழுதும் வெளிவாரிக் கலைமாணிக்குப் பதிந்தார். தாளில் மூன்று வருடப் படிப்பு, அவருக்கு ஏழு வருடம் பிடித்தது. இடையில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவோடு அதில் சேர்ந்தார். அந்தப் பணத்தில் பஸ்காசு போக மிச்சம் என்னவென்று கேட்டால் சிரிப்பார். பிறகு கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, ஆசிரியர் சேவை, திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. முறையாக ஏறிவந்த படிகள்தான்.

ஆனாலும் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சொல் அவரை விடாமல் துரத்தியது. புதிதாக வந்த உள்வாரிப் பட்டதாரி ஒருவர் ஏதோ பேச்சில், "டீச்சர் எக்ஸ்டேர்னல் தானே" என்றாராம். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல என்று டீச்சரே சொன்னார். எனக்கென்னவோ, அது கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்டிருந்தால் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது என்று தோன்றுகிறது.

இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதை வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சொல்லவேண்டும். தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் நாட்டின் கல்விக்குள் இருந்ததே இல்லை. ஒற்றை மண்டபம், ஒற்றை ஆசிரியர், நிர்வாகம் தோட்டத்தின் கையில். அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். சுவீடன், ஜெர்மனி உதவியில் கட்டடங்கள் வந்தன, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது, ஆசிரியர்களும் வந்தார்கள். ஆனால் "எஸ்டேட் ஸ்கூல்" என்கிற உச்சரிப்பில் இருக்கும் இளக்காரம் அந்தப் பழைய மண்டபங்களோடு இடிந்து போகவில்லை. டீச்சர் என்னிடம் வந்த அதே மாதத்தில்தான், மலையகத் தமிழர் இங்கே வந்து இருநூறு வருடம் ஆனதை நினைவுகூர மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்து முடித்திருந்தார்கள். அவரும் கடைசி நாள் போய் நடந்தவர். கொப்பியில் இருந்த அந்த அட்டவணையை அந்த நடையிலிருந்து பிரித்து வாசிக்க முடியாது.

நான் அன்று பிரித்துத்தான் வாசித்தேன். "பேரைப் பாக்காதீங்க டீச்சர், படிப்பைப் பாருங்க" என்றேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"உங்ககிட்ட அந்தப் பேரு இருக்கு சேர். அதனால வேணாம்னு சொல்லிற முடியுது."

அதற்குப் பிறகு அந்த அறிவுரையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அட்டவணையில் இருந்த பெயர்கள்

முதலில் அந்தத் தரவரிசை எண்களை எடுத்துக்கொண்டோம். கல்வியியல் துறைக்கு உலகில் முதலிடம் என்று, பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் கியூ.எஸ். பட்டியல் வருடாவருடம் சொல்வது லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவகத்தை. இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தால், புள்ளியில் பெரும்பங்கு பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்போரிடமும் "உங்கள் பார்வையில் எது சிறந்தது" என்று கேட்டு வருவது. ஊரில் யார் நல்லவர் என்று ஊரையே கேட்பது மாதிரி. பதில் பொய்யில்லை, ஆனால் அது யார் நல்லாகப் படிப்பிக்கிறார் என்ற கேள்விக்கான பதிலும் இல்லை.

இன்னொரு விசயத்தைச் சொன்னபோது டீச்சரின் முகம் மாறியது. இன்று முதலிடத்தில் இருக்கும் அந்த நிறுவகம் 1902இல் தொடங்கியது லண்டன் பகல்நேர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்ற பெயரில். யூ.சி.எல்லோடு இணைந்ததே 2014 முடிவில்தான். அவருடைய அட்டவணையில் இருந்த நியூயோர்க் கொலம்பியாவின் டீச்சர்ஸ் கொலேஜ் 1887இல், அந்த நகரத்து வறிய பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. "அப்ப நம்ம கொட்டகலை மாதிரித்தானே சேர்" என்றார். அப்படியேதான். கல்வியியல் என்ற துறையே ஆசிரியர் பயிற்சியின் வயிற்றில் பிறந்தது. அதனால்தானோ என்னவோ, பெரிய பல்கலைக்கழகங்களுக்குள்ளும் பௌதிகவியலும் சட்டமும் உட்காரும் பந்தியில் அதற்கு இன்றும் கடைசி இலைதான். பெயருக்காகப் பெரிய இடத்துக்குப் போகிறவர், அங்கேயும் சின்ன வாசலால்தான் நுழையவேண்டியிருக்கும்.

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்தது. பவுண் 400 ரூபாயை ஒட்டி நின்ற காலம். கட்டணம் மட்டும் 20,000 பவுணுக்கு மேல், அதாவது 80 இலட்சத்துக்கு மேல். அவர் சம்பளத்தில் ஒரு சதமும் தொடாமல் பத்து வருடம் சேர்த்தாலும் எட்டாது. அமெரிக்கப் பெரிய கல்வியியல் பீடங்களில் முழு உதவி பெரும்பாலும் கலாநிதிப் படிப்புக்குத்தான். முதுமாணிக்கு வருகிறவர் கட்டணம் கட்டிப் படிப்பவர். இதைத் தெரியாமல் "ஹார்வர்ட் எடுத்தாச்சு" என்று கேட்டதும் புலமைப்பரிசில் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆக, வெளிநாடு என்றால் டீச்சருக்கு ஒரே வழி முழுப் புலமைப்பரிசில்.

செவனிங் விண்ணப்பம்

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், மூன்று பாடநெறிகளைத் தேர்ந்து காட்டவேண்டும், முடித்ததும் இரண்டு வருடத்துக்கு நாட்டுக்குத் திரும்பிவிடவேண்டும். இதெல்லாம் டீச்சருக்குச் சிக்கலில்லை. சிக்கல் கட்டுரைகளில். தலைமைத்துவம் பற்றி ஒன்று, ஆட்களோடு தொடர்பை வளர்த்துக்கொள்வது பற்றி ஒன்று.

முதல் வரைவை வாசித்தேன். தலைமைத்துவத்துக்கு விளையாட்டுப் போட்டியில் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்ததை எழுதியிருந்தார். தொடர்புகள் பற்றிய கட்டுரை நாலே வரி: தோட்டத்தில் வேலை செய்வதால் பெரிய ஆட்களோடு பழக வாய்ப்பில்லை, இங்கிலாந்து வந்து பழகிக்கொள்வேன்.

எனக்குக் கோபமே வந்தது, அவர்மேல் அல்ல. ஏனென்றால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விசயம் அந்த வரைவில் எங்கேயும் இல்லை. பிள்ளைகள் வராத நாட்களில் அவர் பின்னேரம், தோட்டத்தில் தண்ணி பிடிக்கும் இடமான பீலிக்கரைக்குப் போவார். தண்ணிக்கு வரும் அம்மாமாரிடம் பேசுவார். யார் வீட்டில் யார் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார், யார் வெளிநாட்டுக்கு மெடிக்கல் எடுத்திருக்கிறார், எந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கிறது, எல்லாம் அங்கே தெரியும். அப்படிப் பேசிப் பேசியே, அம்மா இல்லாத பிள்ளைகளைக் காலையில் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து இறக்கிவிட அஞ்சாறு பெண்களை ஒழுங்குபண்ணியிருந்தார். அது தலைமைத்துவம் இல்லையென்றால் வேறு எது? ஆனால் அவர் மனதில் "நெட்வேர்க்" என்றால் கோட்டு போட்டவர்கள். பீலிக்கரை அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதைவிடப் பெரியது அந்தக் கொப்பிகள். 2018, 2019, பிறகு பாடசாலைகள் மூடிக்கிடந்த இரண்டு வருடம் விட்டு 2022, 2023. தரம் 6 முதல் 8 வரை யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று தமிழில் எழுதிவைத்திருந்தார். இடாப்பில் பூச்சியம் மட்டும்தான் இருக்கும். இவர் கொப்பியில் காரணம் இருந்தது. "சப்பாத்து இல்ல." "சம்பள நாள்." "ஆத்துல தண்ணி." "அம்மா வெளிநாடு, 3ஆம் மாதம்." அம்மா போன உடனே பிள்ளை வராமல் நிற்பதில்லை, முதல் கொஞ்ச நாள் ஒழுங்காகவே வரும், பிறகுதான் நழுவும் என்று அவர் கவனித்திருந்தார். ஏன் அப்படி என்று கேட்டபோது, "அதத்தான் சேர் படிக்கணும்" என்றார்.

இங்கேதான் எனக்கு விசயம் வேறுமாதிரித் தெரிந்தது. பெயர் தேடி வந்தவரிடம் ஒரு கேள்வியும் அதற்கான தரவும் ஏற்கெனவே இருந்தன. முதுமாணிக்கு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் (இது கணக்கல்ல, என் எரிச்சல்) அந்த இரண்டும் இருப்பதில்லை. நூறு ஆசிரியருக்கு வினாக்கொத்துக் கொடுத்து, வீதம் போட்டு, "வளப்பற்றாக்குறையே காரணம்" என்று முடிக்கும் ஆய்வுகளை எத்தனை திருத்தியிருக்கிறேன்.

கட்டுரைகளை மீண்டும் எழுதினார். நவம்பரில் அனுப்பினார். நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. ஒரு பிரித்தானியப் பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் 2024 மார்ச்சில் நிபந்தனையோடு அனுமதி வந்தது: ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ்.இல் 7 எடுக்கவேண்டும். அவர் எடுத்திருந்தது 6.5, எழுத்தில் 6. அனுமதி இருந்தது, பணம் இல்லை.

பெயரை யார் வாசிக்கிறார்?

அந்த அனுமதி மின்னஞ்சலை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேசினோம். காணியை வைத்துக் கடன் எடுக்கலாமா என்று தம்பி கேட்டிருக்கிறார். காணி என்று அவர் சொன்னது தனி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச்சஸ். அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடம்வரை வெளிநாட்டில் இருக்க 2022இல் வந்த சுற்றறிக்கையையும் யாரோ அனுப்பியிருந்தார்கள். கதவு திறந்துதான் கிடந்தது என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அன்று நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பெயரைப் பிற்காலத்தில் யார் வாசிக்கப்போகிறார்கள்?

சேவைக் கோவையை வாசிக்கும் எழுதுவினைஞருக்கு அது அங்கீகரிக்கப்பட்ட பட்டமா இல்லையா என்பது மட்டுமே வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பட்டியல்களில் இருக்கிறதா என்று பார்க்கும். பட்டியலில் பெயர் இருக்கவேண்டும், எத்தனையாவது இடம் என்பது அங்கே கேள்வியல்ல. முதலிடமும் ஐந்நூறாவது இடமும் ஒரே முத்திரையோடு திரும்பி வரும்.

டீச்சருக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது, அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்: கல்வியியற் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளர் ஆகவேண்டும். அப்படியென்றால் கணக்கு இன்னும் தலைகீழ். நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் முதுமாணி என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இரண்டு மட்டங்கள் இருக்கின்றன. பாடங்களை மட்டும் படித்து 30 திறமைப் புள்ளிகளோடு முடிப்பது மட்டம் 9. ஆய்வையும் செய்து 60 புள்ளிகளோடு முடிப்பது மட்டம் 10. பல்கலைக்கழக விரிவுரையாளர் மேலே போக ஆய்வுக்கூறுள்ள இரண்டு கல்வியாண்டு முதுமாணி கேட்பார்கள். லண்டனில் ஒரு வருடத்தில் முடித்துவரும் பெரிய பெயர் அந்த இடத்தில் விளக்கம் சொல்லவேண்டி வரலாம். இங்கே இரண்டு வருடம் ஆய்வோடு முடிக்கும் சின்னப் பெயர் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இந்த விசயம் விண்ணப்பிக்கிற ஆசிரியர்களில் பெரும்பாலானவருக்குத் தெரிவதில்லை. பட்டம் எடுத்த பிறகு தெரிந்து தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாசகர் டீச்சரின் அப்பா. அவருக்குப் பேராதனை தெரியும், கொழும்பு தெரியும். தேசிய கல்வி நிறுவகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது, கல்வி முதுமாணி வழங்குகிறது என்று சொன்னால், "அது கெம்பஸா?" என்பார். யூ.சி.எல். என்றாலும் அதையேதான் கேட்பார். லண்டன் என்றால் மட்டும் எழுந்து உட்காருவார்.

நாலாவது, அந்த ஓய்வறை. இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. "எக்ஸ்டேர்னல்" என்ற சொல்லை ஒரு பெரிய பெயர் அழித்துவிடும் என்பது உண்மைதான். அழிக்காது என்று நான் சொன்னால் அது பொய். 80 இலட்சம் அதற்கான விலையா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

"அந்தக் கொப்பிய லண்டன்ல யாரு சேர் வாசிப்பா?" என்று அவரே கேட்டார். மொழிபெயர்த்துக் கொடுக்கலாம், கொடுக்கிறார்கள். ஆனால் "அம்மா வெளிநாடு, 3ஆம் மாதம்" என்ற வரியைப் பார்த்ததும், யார் வீட்டில் அடுப்பு யார் மூட்டுகிறார் என்று கேட்கத் தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் தேவை. அப்படி ஒருவர் லண்டனிலும் இருக்கலாம், கொழும்பில் இல்லாமலும் போகலாம். அதனால் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடச் சொன்னேன். யார் பெருந்தோட்டக் கல்வியில் வேலை செய்திருக்கிறார், யார் தமிழில் மாணவரின் எழுத்தைத் திருத்துகிறார், யாருடைய மாணவர்கள் நேரத்துக்கு முடித்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை முன்பு படித்தவர்களிடம்தான் கேட்கவேண்டும். எந்த இணையப்பக்கத்திலும் இருக்காது.

நேர்முகம்

உள்நாட்டில் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார். முதலாவதில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "எந்த ஸ்கூல்?" சொன்னார். "ஓ, எஸ்டேட்டா?" பிறகு கேள்விகள் எல்லாம் பஸ் இருக்கிறதா, சனி ஞாயிறு வரமுடியுமா என்பதிலேயே நின்றன. ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து எனக்கு அழைத்தபோது அவர் அழவில்லை. "வாற வழியில பஸ்ஸ விட்டுட்டேன் சேர்" என்று மட்டும் சொன்னார். அங்கே தெரிவாகவில்லை.

மற்றதில், நடுவில் இருந்த ஒரு பெண் விரிவுரையாளர் முன்மொழிவைப் புரட்டிவிட்டு, "காரணத்தை யார் சொன்னது, பிள்ளையா, அம்மாவா, நீங்களா?" என்று கேட்டிருக்கிறார். டீச்சரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாலு வருடக் கொப்பியில் அந்த வேறுபாட்டை அவர் குறித்தே இருக்கவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் எனக்குச் சொன்னார். எனக்கோ அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஆள் கிடைத்துவிட்டார் என்று தோன்றியது.

அங்கேதான் இப்போது படிக்கிறார். மட்டம் 10, தமிழ்மொழி மூலம். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதமாட்டேன். எழுதினால் இதுவரை வாசித்தவர் உடனே அந்தப் பெயரை எடைபோடப் போய்விடுவார். வெள்ளி பாடசாலை விட்டதும் ஹட்டனுக்கு இறங்குகிறார், ஞாயிறு இரவு திரும்புகிறார். பிரித்தானிய அனுமதி காலாவதியாகிவிட்டது. ஆய்வுத் தலைப்பு இரண்டு முறை மாறிவிட்டது. கொப்பியில் இப்போது இன்னொரு நிரல் இருக்கிறது: "சொன்னது யார்?"

போன ஓகஸ்டில் மறுபடியும் வந்தார். செவனிங் திறந்திருக்கிறது, இதை முடித்த கையோடு போகலாம் என்று இன்னொரு முறை முயற்சிக்கப்போகிறாராம். நேர்முகத்துக்குத் தெரிவானால் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், இப்போதே எழுதிவையுங்கள் என்றார். பெயர் ஆசை போகவில்லை. போகவேண்டும் என்று நானும் இப்போது நினைப்பதில்லை. பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்: "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், அர்ப்பணிப்பு மிக்கவர்." நான் ஐந்நூறு பேருக்கு எழுதிய அதே மூன்று சொல். அதைக் கிழித்துவிட்டு, பீலிக்கரையிலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பீலிக்கரைக்கு இங்கிலீஷில் என்ன எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.